நிலாவில் ஓட்டையா?

பத்திரிகைகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் படம் போட்டே பிழைத்தவள் நான். 36 வருஷம். இதுவரை எத்தனை நிலா வரைந்திருப்பேன் என்று ஒருநாள் பழைய கட்டுகளைப் பிரித்துப்போட்டு எண்ண ஆரம்பித்தேன். நானூறைத் தாண்டியதும் எல்லாவற்றையும் திரும்பக் கட்டி மேலே ஏற்றிவிட்டேன். பாதிக்கு மேல் தப்பு. எண்ண எண்ண வயிற்றைக் கலக்கியது.

தப்பு என்று முதலில் சொன்னது ஒரு குழந்தை. இன்லேண்ட் லெட்டர் காலம் அது. ஒரு திருடன் கதைக்குப் படம் போட்டிருந்தேன்: கூரை மேல் திருடன், பின்னால் பெரிய பிறை, பிறையின் இரண்டு கொம்புகளுக்கும் நடுவே அழகுக்காக ஒரு நட்சத்திரம். இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து கடிதத்தை அனுப்பி வைத்தார்கள். “அன்புள்ள ஓவியர் மாமா, படம் நன்றாக இருந்தது. நிலாவுக்குள் நட்சத்திரம் இருக்கிறது. நிலாவில் ஓட்டையா?”

படங்களில் என் பெயரின் முதலெழுத்தை மட்டும் போடுவது வழக்கம், அதனால் மாமா ஆகிவிட்டேன். அது பரவாயில்லை. ‘ஓட்டையா’ என்ற சொல்தான் குத்தியது. முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. பிறை என்பது நிலாவைக் கடித்து மீதி வைத்த துண்டா என்ன? முழு உருண்டையும் அங்கேயேதான் இருக்கிறது. வெயில் படாத பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. அந்த இருட்டுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் மின்ன வேண்டுமென்றால் ஒன்று அது நமக்கும் நிலாவுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும், இல்லை நிலாவில் ஓட்டை விழ வேண்டும். குழந்தை சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆரம்பப் பள்ளியிலேயே படித்தது. மண்டைக்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரியவில்லை.

ஒரு தப்பு கண்ணில் பட்டால் மற்றவை வரிசையாக வந்து நிற்கும். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருக்க, பிறையின் வெளிச்சமான முதுகைக் கிழக்குப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். வெளிச்சமே சூரியனுடையது, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது எப்படி ஒளிரும்? கடிகாரத்தில் 12 மணி, உச்சி வானத்தில் மெல்லிய வளர்பிறை. இதை எத்தனை முறை போட்டேனோ. மெல்லிய பிறை எப்போதும் சூரியனை ஒட்டியே நிற்கும், அதனால்தான் மெல்லியதாகத் தெரிகிறது. சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதுவும் பின்னாலேயே போய்விடும். நள்ளிரவில் அதைத் தேடுவது, கடை மூடியபிறகு போய்க் கதவைத் தட்டுகிற கதைதான். தேய்பிறையின் கடைசிக் கீற்று விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கிழக்கே தலைகாட்டும். என் பேய்க்கதைகளில் பேய்களெல்லாம் பிறையொளியில்தான் உலாவின. இல்லாத வெளிச்சத்தில் உலாவிய பேய்கள்.

இன்னொன்று, பிறையின் நிலை. நான் வரைந்ததெல்லாம் நிமிர்ந்து நிற்கும் பிறை, சுவரில் மாட்டிய அரிவாள் மாதிரி. சின்ன வயதில் வெளிநாட்டுப் படக்கதைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகிய கை இது. பூமியில் வடக்கே ஏற ஏறத்தான் பிறை அப்படி எழுந்து நிற்கும். நடுக்கோட்டை நெருங்க நெருங்க, தண்ணீரில் விட்ட தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். நடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் போனால் நிலாவின் கறைகளே தலைகீழாகத் தெரியும். ஒரே நிலாதான். பார்ப்பவர் எந்தச் சாய்வில் நிற்கிறார் என்பதுதான் மாறுகிறது.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்திப் பிடியுங்கள். அந்த விரல்நுனியே முழு நிலாவை மறைத்துவிடும். நிலாவின் அகலம் வானத்தில் அரை டிகிரிதான். 60 டிகிரி அகலமுள்ள ஒரு காட்சியை 20 சென்டிமீட்டர் தாளில் நேர்மையாக வரைந்தால் நிலாவின் குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. அச்சுப்பிழை என்று துடைத்துவிடுவார்கள். ஆனால் இந்தப் பொய்யை மட்டும் நான் விடுவதாக இல்லை. அடிவானத்தில் எழும்போது நிலா பெரிதாகத் தெரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். படம் பிடித்து அளந்தால் உச்சியில் இருக்கும்போது உள்ள அதே அளவுதான். மனசு அதைப் பெரிதாக்குகிறது. ஏன் என்பதற்கு அறிஞர்கள் ரெண்டாயிரம் வருஷமாக ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மனசு பெரிதாகப் பார்க்கிறதை நான் பெரிதாக வரைந்தால் என்ன தப்பு?

கடிதம் வந்த அடுத்த மாதம் ஒரு காரியம் செய்தேன். ஒரு மூடியை வைத்து நோட்டுப் புத்தகம் முழுக்க வட்டம் வரைந்துகொண்டேன், பக்கத்துக்கு ஒன்று. நிலா எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் மாடிக்குப் போய், கண்ணால் பார்த்ததை மட்டும் அந்த வட்டத்துக்குள் பென்சிலால் போடுவது என்று தீர்மானம். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை 29½ நாள். எனக்குக் கிடைத்தவை 17 படங்கள். மேகம் கெடுத்தது ஐந்தோ ஆறோ. மற்றவை என் தூக்கத்தின் கணக்கு.

முதல் பாதி சுகமாக இருந்தது. வேலை முடிந்து மாடிக்குப் போனால் நிலா காத்திருக்கும். பௌர்ணமிக்குப் பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் சராசரி 50 நிமிஷம் பிந்தி வருகிறது. எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. அரை நிலாவாகத் தேய்ந்தபோது பாதி ராத்திரிக்கு எழுந்து உட்கார வேண்டியிருந்தது. அதற்கு அப்புறம் அலாரம் வைத்து மூன்று மணிக்கு. வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். ஆனால் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குத் துணி காயப்போடப் போனவள் மேற்கே நிமிர்ந்து பார்த்தால், வெளுத்துப்போய் நிலா நிற்கிறது. பகல் நிலா! மாதத்தில் பாதி நாளுக்கு மேல் அது பகலிலும் தெரிகிறது. ஒரு கதைப் படத்தில்கூட நான் பகல் நிலா போட்டதில்லை.

நான் போடவில்லை, யான் வான் ஐக் போட்டிருக்கிறார். 15ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ஃபிளெமிஷ் ஓவியர் வரைந்த சிலுவையேற்றப் படம் இப்போது நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே கூட்டம், குதிரைகள், அழுகிற பெண்கள். மேலே பகல் வானத்தில், யாரும் கவனிக்காத மாதிரி, முழுமை கொஞ்சம் தேய்ந்த ஒரு வெளிறிய நிலா. அதில் கறைகள் இருக்கின்றன. தொலைநோக்கி வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முந்தைய காலம். வானத்தில் இருப்பவை மாசு மருவற்றவை என்று அரிஸ்டாட்டிலின் பெயரால் சொல்லிக்கொடுத்த காலம். அவர் யாரிடமும் வாதாடவில்லை, பார்த்தார், வரைந்தார். முதல்முறை அந்தப் படத்தை ஒரு கலைப் புத்தகத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது என் நானூறு நிலாக்களும் வெட்கப்பட்டன.

அந்த ‘மாசற்ற வானம்’ என்ற எண்ணம் நம் கவிஞர்களுக்கு ஏனோ இல்லை. மதியில் மறு உண்டு என்பதை அவர்கள் ஊரறிந்த விஷயமாக எடுத்துக்கொண்டே பேசினார்கள். நல்ல குடியில் பிறந்தவரிடம் சின்னக் குற்றம் இருந்தாலும் நிலாவின் கறை மாதிரி எல்லோருக்கும் தெரியும் என்கிறது குறள். அதே வள்ளுவர் காமத்துப்பாலில் ‘தேய்ந்து வளரும் மதிக்கு இருப்பதுபோல இவள் முகத்தில் மறு உண்டோ’ என்று கேட்கிறார். நாலடியார் இன்னும் ஒருபடி மேலே போய், திங்கள் தன் மறுவைப் பொறுத்துக்கொள்ளும், சான்றோர் ஒரு மாசு வந்தால் பொறுக்கமாட்டார்கள், தேய்ந்துபோவார்கள் என்கிறது. இங்கே தேய்வது நிலா இல்லை, மனிதர். அழகான திருப்பம் அது. நிலாவில் கறை என்று எழுதியதற்காக இங்கே யாரும் யாரோடும் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை.

சண்டை வந்தது வேறு இடத்தில். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் கலிலியோ இல்லை, தாமஸ் ஹாரியட். ஆங்கிலேயர், பெரிய கணித மேதை. 1609 ஜூலையில், கலிலியோ நிலாவைத் தொலைநோக்கியில் பார்ப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, ஆறு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் நிலாவைப் பார்த்துப் படமும் வரைந்துவிட்டார். தொலைநோக்கி வழியே பார்த்து வரைந்ததாக நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நிலாப் படம் அதுதான். அதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒரு வட்டம், நடுவே கோணல்மாணலாக ஒரு கோடு, ஓரத்தில் கொஞ்சம் கிறுக்கல். மலை இல்லை, பள்ளம் இல்லை.

அதே ஆண்டுக் கடைசியில் கலிலியோ பார்க்கிறார். அவருடைய கருவி இன்னும் சக்தி வாய்ந்தது, 20 மடங்கு. ஆனால் வித்தியாசம் கண்ணாடியில் மட்டும் இல்லை என்பது என் கட்சி. கலிலியோ ஓவியம் பழகியவர், ஓவியர்களோடு சகவாசம் உள்ளவர். பழுப்பு மையைக் கரைத்து அவர் தூரிகையால் தீட்டிய நிலாப் படங்கள் இன்றும் ஃபிளாரன்ஸில் இருக்கின்றன. படம் போடுகிற எவளும் அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள், இது வாஷ் கை தெரிந்தவர் வேலை என்று. ஓர் உருண்டையின் மேல் பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மேட்டின் ஒரு பக்கம் வெளுக்கும், மறுபக்கம் நிழல் விழும். பள்ளமென்றால் அதுவே இடம் மாறும். இது ஓவியப் பள்ளியில் முதல் மாதம் ஷேடிங் வகுப்பில் வரும் பாடம். ஹாரியட்டுக்கு அது வெறும் அழுக்காகத் தெரிந்தது, கலிலியோவுக்கு மலையாகத் தெரிந்தது.

வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் எல்லையைத் தாண்டி, இருட்டுப் பக்கத்தில் தனித்தனியாகச் சில வெண்புள்ளிகள் இருப்பதைக் கலிலியோ கவனித்தார். நேரம் ஆக ஆக அவை பெரிதாகி, வெளிச்சத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டன. காலை வெயில் முதலில் மலையுச்சியில்தானே விழும், அடிவாரம் இருட்டாக இருக்கும்போதே? அவ்வளவுதான் விஷயம். எல்லைக்கோட்டிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, செங்கோண முக்கோணக் கணக்கு போட்டு, மலையின் உயரத்தையும் சொல்லிவிட்டார். 1610 மார்ச்சில் புத்தகம் வெளிவந்தது. அதைப் பார்த்தபிறகு ஹாரியட் மறுபடி நிலாவை வரைந்தார். இப்போது அவர் படத்திலும் பள்ளங்கள் வந்துவிட்டன! கண்ணும் அதே கண், நிலாவும் அதே நிலா. யாராவது இப்படிப் பார் என்று காட்ட வேண்டியிருந்தது. எனக்கு ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்த மாதிரி.

கலிலியோவும் சுத்தமானவர் இல்லை. தம் புத்தகப் படத்தில் எல்லைக்கோட்டின் மேல் ஒரு வட்டப் பள்ளத்தை உண்மையில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாகப் போட்டிருக்கிறார். புரியட்டும் என்று போட்டிருப்பார். சக தொழிலாளி என்ற முறையில் மன்னிக்கிறேன்.

அவருடைய நண்பர் சிகோலி என்ற ஓவியர். ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தின் ஒரு கவிமாடத்தில் மரியன்னையை வரையும் வேலை அவருக்கு வந்தது. அன்னையின் காலடியில் பிறை போடுவது மரபு, வழவழவென்று, மாசில்லாமல். 1612இல் முடித்த அந்தப் படத்தில் சிகோலி வைத்தது குண்டும் குழியுமான நிலா, நண்பர் கண்ணாடியில் பார்த்த அதே நிலா. கலிலியோ பின்னால் விசாரணைக்கு ஆளானார், சிகோலியின் நிலா அந்த மாடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மற்ற ஓவியர்கள் வழவழப்பான பிறையைத்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

அந்த எல்லைக்கோட்டைப் பற்றி இன்னொன்று. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலாவின் தென்பகுதியில் இறங்கியபோது எல்லோரையும் போல நானும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அறிவிப்பாளர்கள் வேகத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டிருக்க, என் மூளையில் ஓடியது வேறு: அங்கே இப்போது காலை வெயில். நிலாவில் ஒரு பகல் நமக்கு ஏறக்குறைய 14 நாள். கலம் சூரிய ஒளியில்தான் ஓட வேண்டும், அதனால் பொழுது விடியும் சமயமாகப் பார்த்து இறக்கினார்கள். மறுநாள் அரை நிலா. கைதட்டல் ஓய்ந்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நேராக நடுவில் ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கோடு, நிலாவின் விடியற்கோடு.

நிறத்துக்கு வருகிறேன், என்னை அதிகம் ஏமாற்றியது அதுதான். நிலாவுக்கு என் பெட்டியில் எப்போதும் ஒரே கலர்: சுத்த வெள்ளை. உண்மையில் நிலா தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. தேய்ந்துபோன தார் ரோட்டின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கன்னங்கறுப்பு இருப்பதால்தான் அந்தச் சாம்பல் வெள்ளையாக ஜொலிக்கிறது. ஒரு சாம்பல் சதுரத்தைக் கறுப்பு அட்டையில் ஒட்டினால் வெளுக்கும், வெள்ளை அட்டையில் ஒட்டினால் கறுக்கும் என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மேலே பார்க்கத்தான் தோன்றவில்லை.

அரை நிலா முழு நிலாவில் பாதி வெளிச்சம் தரும் என்றுதானே நினைப்போம்? பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. அரை நிலாவில் வெயில் பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு கல்லும் தன் நிழலைப் போட்டுக்கொள்கிறது. பௌர்ணமியில் நமக்குப் பின்னாலிருந்து நேராக வெயில் அடிக்கிறது, நிழல்களெல்லாம் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துவிடுகின்றன. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோ மாதிரி. அதனால்தான் முழு நிலா என் நோட்டில் தட்டையான தட்டாகவும், அரை நிலா உருண்டையாகவும் வந்திருக்கின்றன. கோளாறு என் பென்சிலில் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

சரி, நிலவொளி நீலம்தானே? ராத்திரிக் காட்சி என்றால் கை தானாக அல்ட்ராமரினுக்குப் போகும். அதுவும் இல்லை. நிலவொளி வெயிலைவிடக் கொஞ்சம் மஞ்சளித்துத்தான் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணில் நிறம் காணும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, வெளிச்சம் மட்டும் அறியும் கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது, நீலப் பக்கமே கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். அதற்குப் புர்க்கின்யே விளைவு என்று பெயர். கேமராவை நிலவொளியில் ரொம்ப நேரம் திறந்து வைத்துப் படமெடுத்தால், நீல வானமும் பச்சை இலையுமாகப் பட்டப்பகல் மாதிரி வரும். நட்சத்திரங்கள் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

இதைத் தெரிந்துகொண்டபிறகு ஒரு பழைய அவமானம் புதிதாக வலித்தது. பல வருஷம் முன்பு ஒரு பத்திரிகை சங்கப் பாடல்களை வாரம் ஒன்றாகப் போட்டது, நான்தான் படம். குறுந்தொகை 47ஆம் பாட்டு வந்தது. நாலே வரி:

கருங்கால் வேங்கை வீயுகு துறுகல்
இரும்புலிக் குருளையின் தோன்றும் காட்டிடை
எல்லி வருநர் களவிற்கு
நல்லை யல்லை நெடுவெண் ணிலவே.

தோழி நிலாவோடு பேசுகிறாள் என்று குறிப்பு அனுப்பியிருந்தார்கள். கையை உயர்த்தி ஒரு பெண், மேலே வட்ட நிலா, பின்னால் அல்ட்ராமரின். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். கல்லைப் போடவே இல்லை.

அந்தக் கல்தானே பாட்டு! காட்டில் ஒரு கரிய பாறை. மேலே வேங்கை மரம், பாறை முழுக்க அதன் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. வேங்கைப்பூ மஞ்சள். பகலில் அந்த வழியே போகிறவனுக்கு அது பூச்சிதறிய கல், பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரியில், நிலவில்? மஞ்சள் செத்துவிடும். கறுப்பு மேல் வெளிறிய புள்ளிகள் மட்டும் மிஞ்சும். பதுங்கிக் கிடக்கும் புலிக்குட்டி! முழு இருட்டென்றால் கல்லே தெரியாது, பகலென்றால் புலி இல்லை. பூவைப் புலியாக்க நிலவுக்கு மட்டுமே முடியும். காதலியைப் பார்க்கக் களவில் வருகிறவனை அந்த நிலவு ஊருக்குக் காட்டிக்கொடுக்கிறது, போதாததற்குக் கல்லைக் காட்டிப் பயமும் காட்டுகிறது. ‘களவுக்கு நீ நல்லவள் இல்லை’ என்று தோழி சொல்வது நிலாவுக்கு. கேட்க வேண்டியவன் அருகில் நிற்கிற அவன். இப்படி ஒளிந்து வந்துபோவது போதும், பெண் கேட்டு வா என்பது உள்ளே இருக்கும் சேதி.

எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கடைசி வரியிலிருந்தே எடுத்து நெடுவெண்ணிலவினார் என்று வைத்துவிட்டார்கள். கூம்புச் செல்லும் கோல் செல்லும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ராத்திரியில் வெளியே நின்று பார்த்திருக்கிறார். நான் அல்ட்ராமரின் டியூபைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன்.

அதே தொடரில் பாரி மகளிரின் ‘அற்றைத் திங்கள்’ பாட்டும் வந்தது. அதற்கு நான் போட்டது மெலிந்த பிறை. சோகப் பாட்டாயிற்றே, நிலாவும் இளைத்திருக்கட்டும் என்று. பாட்டில் அன்றைக்கும் வெண்ணிலவு, இன்றைக்கும் வெண்ணிலவு. நடுவில் அப்பா போனார், குன்று போனது. நிலவு மட்டும் ஒரு மாற்று குறையாமல் அடிக்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை அந்தப் பெண்களுக்கு. நான் நிலாவை இளைக்க வைத்துப் பாட்டைக் கெடுத்தேன். ஒரு வாசகரும் கேட்கவில்லை. ஓட்டையா என்று கேட்ட குழந்தை சங்கப் பாட்டுப் பகுதியைப் படிக்கவில்லை போல.

முயலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபிப்பீர்கள். வடமொழியில் நிலாவுக்குச் ‘சசாங்கன்’, முயல் அடையாளம் உள்ளவன் என்றே ஒரு பெயர். சீனர்களுக்கு அது மருந்து இடிக்கும் முயல். அந்தப் பெயரையே ‘யுடு’ என்று தங்கள் ஊர்திக்கு வைத்து 2013இல் நிலாவில் ஓடவிட்டார்கள். கடலுக்கு அந்தப்பக்கம் மெக்சிகோவின் பழங்கதையிலும் முயல்தான். எனக்கு முயல் தெரிய நாற்பது வயதாயிற்று. காதுகள் கீழே தொங்க, தலை மேலே இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடிக்கொண்டிருந்தேன், அது சாய்ந்து கிடந்தது. நான் முயலின் தலையாகப் பார்க்கும் கறைக்கு 1651இல் ரிச்சோலி என்ற பாதிரியார் வைத்த பெயர் அமைதிக் கடல். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத கடல், முன்னூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக உறைந்து கிடக்கும் எரிமலைக் குழம்பு. 1969 ஜூலை 20 அன்று மனிதர்கள் முதலில் இறங்கியது அங்கேதான். முயலின் தலையில்.

நிலாவுக்குப் போனவர்களிலும் ஒருவர் எங்கள் சாதிக்காரர், படம் போடுகிற சாதி. ஆலன் பீன். அப்பல்லோ 12இல் 1969 நவம்பரில் போய், நிலாவில் நடந்த நான்காவது மனிதர். போன இடத்தில் கலர் டிவி கேமராவைத் தவறுதலாகச் சூரியனுக்கு நேரே திருப்பிப் பொசுக்கிவிட்டார், பூமியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் படம் போய்விட்டது. அதற்குப் பரிகாரம் மாதிரி 1981இல் நாசாவை விட்டு வெளியே வந்து, மீதி வாழ்நாள் முழுக்க நிலாவையே தீட்டிக்கொண்டிருந்தார். நிலாவில் பயன்படுத்திய சுத்தியலாலும் காலணி அச்சாலும் சாயத்தில் தடம் பதிப்பார். தன் விண்வெளி உடுப்பில் இருந்த, நிலாத்தூசி படிந்த சின்னங்களைத் துணுக்குகளாக்கிச் சாயத்தில் கலப்பார். நேரில் பார்த்தவர், அந்தச் சாம்பலை அப்படியே தீட்டியிருக்கலாம். ஆனால் அவர் படங்களில் நிலாத்தரை ஊதாவும் மஞ்சளும் செம்மையுமாக இருக்கும். சாம்பல் மட்டும் வைத்தால் படம் நிற்காது என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் முடிவில்லை. வான் ஐக்கின் வெளிறிய நிலாவைப் பார்க்கும்போது பீன் தப்பு என்று படும். பீனின் நிலாவைப் பார்க்கும்போது அப்படிப் படாது.

போன மாதம் ஒரு கதைக்குப் படம் கேட்டார்கள். நாயகன் வளர்பிறை மூன்றாம் நாள் ராத்திரி 12 மணிக்கு ஆற்றங்கரையில் காத்திருக்கிறான். தாளில் ஆறு, நாணல், ஒற்றை ஆள், மேலே கறுப்பு வானம். நட்சத்திரங்களை மட்டும் உப்புத் தூவினமாதிரி வைத்தேன். மேற்கே ஓரத்தில்கூட ஒன்றும் வைக்கவில்லை. அனுப்பிய அன்று சாயங்காலமே ஆசிரியர் போன் செய்தார். சின்னப் பையன், மரியாதையாகப் பேசுவார்.

“படம் பிரமாதம் மேடம். நிலாவைத்தான் காணோம்.”

“அது எட்டரை மணிக்கே போயிடுச்சு தம்பி.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அப்ப கதையைத் திருத்தணுமா மேடம்?” என்றார்.